சும்மா பாத்தி

பொன்னையா வீட்டுக்குப் பின்னால் இரண்டு பலகைகளை நட்ட அன்றைக்கே வினை ஆரம்பித்துவிட்டது. நட்டவள் பிரேமினி. டயகமவுக்குப் பக்கத்துத் தோட்ட டிவிஷனில் தேயிலைக் கொழுந்தெடுக்கிற ஒருத்தியின் மகள். கம்பஸில் விவசாயம் படித்து முடித்து, அதற்கு மேலும் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் மொட்டைப்பாறை டிவிஷனுக்கு அவளை என் ஆட்டோவில்தான் ஏற்றி வருவேன். ஆகவே இதில் முக்கால்வாசி நான் கண்ணால் பார்த்தது. மிச்சக் கால்வாசியைப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சொன்னார்கள். அது நான் பார்த்ததைவிட நம்பகமானது.

ஒரு பலகையில் 'மருந்து' என்றும் மற்றதில் 'கட்டுப்பாடு' என்றும் எழுதியிருந்தாள். கட்டுப்பாடு என்ற சொல் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் வாயிலும் தங்கவில்லை. இரண்டே நாளில் மருந்துப் பாத்தி, சும்மா பாத்தி என்று பேர் விழுந்துவிட்டது. பாத்திக்கு இருபது கோவாக் கன்று. வெளியூர்க்காரர்கள் முட்டைக்கோஸ் என்பார்கள், நாங்கள் கோவா என்போம்.

கன்று நட்ட அன்று பொன்னையா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பிரேமினி பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். உள்ளே தண்ணீர்ப்பால் மாதிரி ஏதோ இருந்தது.

"இதுக்குள்ள என்னா புள்ள?"

"பக்டீரியா பெரியப்பா. மண்ணுல வாழுற சின்ன உயிருங்க. காத்துல இருக்கிற சத்தப் புடிச்சு வேருக்குக் குடுக்கும். யூரியா பாதி போட்டாப் போதும்."

"எத்தன பேரு இருக்காங்க உள்ளுக்கு?"

"ஒரு சொட்டுலயே லட்சக்கணக்குல இருப்பாங்க."

"அம்புட்டுப் பேரும் ராவும் பகலும் வேல செய்றாங்களா?"

"ஆமா பெரியப்பா."

"தோட்டத்துத் தொர காதுல போட்டுறாத. நம்மள வீட்டுக்கு அனுப்பிட்டு குப்பியக் காலைப் பெரட்டுக்குக் கூப்பிட்டுப் பேரு போடுவாரு."

பொன்னையாவின் மனைவி அம்மாக்கண்ணு மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அப்ப இந்தப் பாத்திக்கு என்னா போடுவ?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா. ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி. அவ்வளவுதான்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே போடக் கூடாது. அது சும்மா நின்னாத்தான் மருந்து என்னா செஞ்சிச்சின்னு தெரியும்."

"பக்கத்துல ஒண்ணு திங்கும், இது பாத்துக்கிட்டு நிக்கணும்."

"கோவாவுக்குக் கண்ணில்ல பெரியம்மா," என்று சிரித்தாள் பிரேமினி.

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. அரசாங்கம் தடை போட்டு உரம் வராத அந்த வருஷம் அவள் வைத்த இருநூறு கோவாவில் ஒன்றுகூட உருளவில்லை. இலையை விரித்துக்கொண்டு அப்படியே நின்றன. கடைசியில் ஆட்டுக்குத்தான் வெட்டிப் போட்டார்கள். அந்த வருஷம் அவளும் ஒரு வேளைச் சோற்றை விட்டவள். பசியைப் பற்றிப் பேசும்போது கண்ணில்லை காதில்லை என்றால் அவளிடம் எடுபடாது.

பிரேமினி ஆறு வீடுகளில் இப்படி இரண்டிரண்டு பாத்தி போட்டிருந்தாள். முதல் மாதத்திலேயே மூன்று போய்விட்டன. ஒன்றைப் பன்றி கிளறிவிட்டது. ஒரு வீட்டில் பலகை இரண்டையும் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள், எது எந்தப் பாத்தி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இன்னொரு வீட்டுக்காரர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போகும்போது தோட்டத்தை மச்சானிடம் ஒப்படைத்தார், மச்சான் கோவாவைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு வைத்தார். மிச்சம் மூன்று வீடு. மூன்றுக்குக் குறைந்தால் கம்பஸில் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். மார்ச் முடிவதற்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் அவளுடைய படிப்பு அதோடு முடிந்ததாம். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நட்ட ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளக்க வந்தாள். மழை விட்டு மூடுபனி பாத்தி மேலேயே படிந்திருந்தது. முதலில் மருந்துப் பாத்தியை அளந்தாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சும்மா பாத்திப் பக்கம் போனாள். அளந்தாள். திரும்ப அளந்தாள். அளவுகோலைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அளந்தாள்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கே தெரிந்தது. சும்மா பாத்திக் கோவா கரும்பச்சையாய், ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, குண்டாய் நின்றது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் முகம் போல் ஒரு திருப்தி அதற்கு.

பிரேமினி ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு தங்கச்சி?" என்றேன்.

"என் பக்டீரியா கோவாவ வளர விடாமப் பண்ணுது அண்ணே. ஒண்ணுமே போடாதது இவ்வளவு வளந்திருக்கு. மருந்து போட்டது அதுல பாதிதான். நாலு வருஷம் அண்ணே. நாலு வருஷமா நான் ஒரு நஞ்சத்தான் வளத்திருக்கேன்."

அவள் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. படித்த பிள்ளைகள் அழுதால் நமக்கு என்ன சொல்வது என்று தெரிவதில்லை. அம்மாக்கண்ணு அவளைக் கையைப் பிடித்து இஸ்தோப்புக்குக் கூட்டிப்போனாள். மருமகள் மெரினா சூடாக ரொட்டியும் கட்டச்சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். மெரினா பட்டிப்பொலப் பக்கத்துப் பெண், வேதக்காரி. புருஷன் ஜீவராஜ் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான்.

"சாப்பிடு புள்ள," என்றாள் அம்மாக்கண்ணு.

"வேணாம் பெரியம்மா. நான் கம்பஸ் சேருக்குச் சொல்லணும். மருந்து சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டு நின்னுர்றேன்."

"நின்னுட்டு?"

"எங்கயாச்சும் கடையில வேல தேடுறேன்."

அம்மாக்கண்ணு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் உருட்டினாள். ரொட்டியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நான் ஒரு வாளி ஊத்தினேன் புள்ள."

"என்னா வாளி?"

"ஆட்டுப் புழுக்க. ஊறப்போட்டு, கரைச்சு."

"எதுக்கு ஊத்தினீங்க?"

"சும்மா பாத்திக்குத்தான்."

"ஒரு வாளியா?"

"கெழமைக்கு ஒரு வாளி, அஞ்சு கெழமையா. மனசு கேக்கல புள்ள. நீ அந்தப் பக்கத்துக்குக் குப்பியத் தொறந்து ஊத்துற, இது காஞ்ச வாயோட நிக்கிது. பெத்தவ ஒருத்திக்குச் சோறு போட்டு இன்னொருத்திய வெறும் தட்டோட ஒக்கார வெப்பாளா?"

பிரேமினி வாயைத் திறப்பதற்குள் மெரினா ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமி மட்டும் இல்ல மிஸ். வெள்ளிக்கெழம மீன் வாங்குவோம். அந்த மீன் கழுவுற தண்ணிய நான்தான் அதுக்கு ஊத்துவேன்."

"அடிப்பாவி," என்றாள் அம்மாக்கண்ணு. "அதான் பூன அந்தப் பாத்தியிலயே படுத்துக் கெடந்திச்சா? யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு நான் சொல்லல?"

"சொன்னீங்க மாமி. அதனாலதான் ஒங்களுக்குத் தெரியாம ஊத்தினேன். வர்ற கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் புதுச் சட்ட, அதுக்கு மட்டும் இல்லங்கிற மாதிரி இருந்திச்சு."

பொன்னையா மெதுவாக எழுந்து தொப்பியைத் தேடினார்.

"பெரட்டுக்கு நேரமாச்சு," என்றார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம மாமா," என்றாள் மெரினா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தை ஆராய்ந்தார்.

"நான் ஒண்ணும் வேணும்னு செய்யல," என்றார். "விடியக்காலம் குளிரு. கக்கூஸ் லயத்துக் கடைசியில, கீழ. முந்தியெல்லாம் தோட்டத்துல எங்கயாச்சும் ஓரமா ஒதுங்கிருவேன். நீ வந்து மருந்துப் பாத்திப் பக்கம் யாரும் காலு வெக்கக் கூடாதுன்னுட்ட. அது கம்பஸ் பாத்தி. அந்த மரியாதைக்காகத்தான் இந்தப் பக்கம் வந்தேன்."

பிரேமினி மூக்கைத் துடைத்தாள், நோட்டைத் திறந்தாள், பேனாவை எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ பெரியப்பா?"

பொன்னையா எதிர்மலையைப் பார்த்தார். அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"ரெண்டு," என்றாள் அம்மாக்கண்ணு. "மழ நாள்ல மூணு."

"அதுல யூரியா இருக்கு பெரியப்பா."

"எதுல?"

"அதுலதான்."

பொன்னையா தொப்பியைத் தலையில் வைத்தார். "உரமில்லாத வருஷம் மூட்டைக்காக டவுன்ல மூணு நாள் லைன்ல நின்னேன்," என்றார். "ஒருத்தனும் இதச் சொல்லலியே."

பிரேமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்தாள். மருந்துப் பாத்திக்கு யாராவது ஏதாவது ஊற்றினார்களா என்று கேட்டாள். "அதுக்குத்தான் கம்பஸே இருக்கே, நாங்க எதுக்கு?" என்றாள் மெரினா. ஆக மருந்துப் பாத்தியில் குற்றமில்லை. பக்டீரியா பாவம், தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எதிரில் நின்றது மட்டும் சும்மா பாத்தி இல்லை, இந்த வீட்டின் மொத்தச் சொத்தும் விழுந்த பாத்தி.

அவள் சேரோடு போனில் சிங்களத்தில் பேசினாள். "ஹரி சேர், ஹரி சேர்" என்று பத்துத் தரமாவது சரி சொல்லியிருப்பாள். இரண்டு பாத்தியையும் பிடுங்கி நவம்பரில் புதிதாக நட வேண்டும், பெப்ரவரி கடைசியில் அளந்தால் மார்ச்சுக்குள் எழுதலாம், இந்தத் தடவை தவறினால் இன்னொரு தடவை கிடையாது. இதுதான் சேர் சொன்னது.

"ஆனா சும்மா பாத்தி இந்த வீட்டுல வேணாம் பெரியம்மா."

"வேணாம் புள்ள," என்றாள் அம்மாக்கண்ணு உடனே. "நான் மாரியம்மன் மேல சத்தியம் பண்ணித் தந்தாலும் என் கை கேக்காது."

"ஆனா மண்ணு ஒண்ணா இருக்கணும். வெயிலு ஒண்ணா இருக்கணும். வேற வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது."

"வேலிக்கு அந்தப் பக்கம் வெச்சிரு," என்றார் பொன்னையா.

அம்மாக்கண்ணு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் காளியாயியின் தோட்டம். அம்மாக்கண்ணுவும் காளியாயியும் நாலு வருஷமாகப் பேச்சில்லை. ஒரு நாள் பீலியில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தபோது வரிசையில் யாருடைய வாளி முன்னால் இருந்தது என்பதில் வந்த சண்டை. வாளி என் கண் முன்னால்தான் நகர்ந்தது. யார் நகர்த்தியது என்று இன்றுவரை நான் சொன்னதில்லை, எனக்கும் தண்ணீர் வேண்டும். அதற்குப் பிறகு மலையில் கொழுந்தெடுக்கும்போதுகூட இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரை பிடிப்பதில்லை. அம்மாக்கண்ணுவின் இரக்கம் ஆடு, பூனை, கோவா என்று எங்கெல்லாமோ போகும், அந்த வேலியைத் தாண்டாது.

காளியாயி தனியாள். பிள்ளைகள் கொழும்பில். பிரேமினி போய் விஷயத்தைச் சொன்னபோது அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"ஒண்ணும் போடக் கூடாது. அப்படித்தானே?"

"தண்ணி மட்டும் பெரியம்மா. அளவுக் கப்புல."

"அந்த வீட்டுக்காரி கை படக் கூடாது."

"யாரு கையும் படக் கூடாது."

"மத்தவங்கள விடு. அவ கை படாமப் பாத்துக்கிறது எனக்குப் பெரிய வேலையில்ல. நாலு வருஷமா அதத்தானே செய்றேன்."

இப்படியாகத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் ஆராய்ச்சி ஒரு வாளிச் சண்டையின் மேல் நின்றது. பிரேமினி ஆட்டோவில் வரும்போது சொன்னாள், கம்பஸில் எத்தனையோ மெஷின் இருக்கிறது, இவ்வளவு நம்பிக்கையான மெஷின் கிடையாது என்று.

நவம்பர், டிசம்பர் நன்றாகப் போனது. காளியாயி சொன்ன சொல் தவறவில்லை. காலையில் கப்பால் தண்ணீர் ஊற்றிவிட்டு, வேலியோரம் முள்ளை நெருக்கிவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். மருந்துப் பாத்தியில் கோவா உருள ஆரம்பித்தது. அந்தப் பக்கம் இலை மஞ்சளடித்து, ஓரம் சிவந்து, கூனிப்போய் நின்றது. அம்மாக்கண்ணு பெரட்டுக்குப் போகிற வழி அந்த வேலியோரம்தான். முதலில் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு முந்தானையை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். பிறகு மேட்டு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள், கால் மணி நேரம் அதிகம்.

"அவங்களும் அதப் பாக்கிறதில்ல," என்று மெரினா என்னிடம் சொன்னாள்.

"யாரு?"

"காளியாயி பெரியம்மாதான். தண்ணி ஊத்தும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஊத்துறாங்க. நான் பாத்தேன்."

ஜனவரியில் பனி கொட்டியது. விடிந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் கிடக்கும், வெயில் பட்டதும் இலை கருகும். எல்லோரும் பொழுது சாயும்போதே பாத்திகளைச் சாக்கால் மூடினார்கள். அம்மாக்கண்ணு பிரேமினிக்குப் போன் அடிக்கச் சொல்லி என் போனை வாங்கினாள்.

"புள்ள, பனிக்குப் போத்தி விடுறது சாப்பாட்டுல சேத்தியா?"

"இல்ல பெரியம்மா. ரெண்டு பாத்தியையும் ஒண்ணாப் போத்தலாம்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். ஒரே நேரத்துல போத்தணும்."

அவள் போனைத் திருப்பித் தந்தாள். உள்ளே போய் இரண்டு படங்கைக் கொண்டுவந்தாள். ஒன்றை மருந்துப் பாத்திக்குப் போர்த்தினாள். மற்றதைச் சுருட்டி, வேலிக்கு மேலாக எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். காளியாயி தன் இஸ்தோப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கு ராத்திரிக்கு அங்கேயே கிடந்து நனையும் என்று நான் நினைத்தேன். அம்மாக்கண்ணு கதவைச் சாத்தியதும் காளியாயி இறங்கி வந்து, அதை உதறி, சும்மா பாத்திக்குப் போர்த்தி, நாலு மூலைக்கும் கல் வைத்தாள். காலையில் படங்கு மடித்தபடி வேலி மேல் இருந்தது. பனி விழுந்த பதினோரு நாளும் இதே நடந்தது, ஒரு வார்த்தை இல்லாமல்.

பெப்ரவரி கடைசி ஞாயிறு பிரேமினி தராசோடு வந்தாள். மருந்துப் பாத்திக் கோவா ஒவ்வொன்றும் இரண்டு கையால் தூக்கும்படி இருந்தது. கல் மாதிரி இறுக்கம். அவள் நிறுத்து நிறுத்து எழுதினாள். அதில் பதினெட்டைப் பொன்னையா சாக்கில் போட்டார், இரண்டை எனக்குக் கொடுத்தார். பிறகு அவள் அந்தப் பக்கம் போனாள். பத்தை வேரோடு பிடுங்கி நிறுத்தாள், கம்பஸில் காட்டக் கடதாசிப் பையில் போட்டாள். ஒன்றும் உருளவில்லை. மிச்சப் பத்து பாத்தியிலேயே கூனிக்கொண்டு நின்றது. அவள் கடைசி எண்ணை எழுதினாள். நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அளந்தாச்சா புள்ள?" வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அம்மாக்கண்ணு கேட்டாள்.

"அளந்தாச்சு பெரியம்மா. நல்லா வந்திருக்கு. மருந்து வேல செஞ்சிருக்கு."

"அது சரி. எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"இனி அதுக்கு ஏதும் போட்டா ஒன் படிப்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது."

அம்மாக்கண்ணு ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினாள். சாக்குப் போட்டு மூடிய வாளி ஒன்று அங்கே தயாராக இருந்தது. எத்தனை நாள் ஊறியதோ, நாற்றம் எனக்கு எட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு, முள்ளை ஒரு காலால் தள்ளி, நாலு வருஷத்தில் முதல் தடவையாக வேலியைத் தாண்டினாள். தாண்டியவள் நின்றுவிட்டாள். பாத்தியின் அந்தத் தலைப்பில் காளியாயி நின்றிருந்தாள். அவள் கையிலும் ஒரு வாளி. சாணியும் தேத்தூளும் கரைத்தது.

இரண்டு பெண்கள், இரண்டு வாளி. பிரேமினி என்னைப் பார்த்தாள். லயத்தில் கதவெல்லாம் திறந்துகொண்டது. பீலியில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

காளியாயி வாளியைக் கீழே வைத்தாள். காலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினாள்.

"நீ மொதல்ல ஊத்து," என்றாள்.

அம்மாக்கண்ணுவும் வாளியைக் கீழே வைத்தாள். "நீங்க ஊத்துங்கக்கா," என்றாள். "நாலு மாசம் இதப் பாத்துக்கிட்டுக் கெடந்தவங்க நீங்கதானே."

"நான் எங்க பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்ல இருந்தேன்."

"நானும் மேட்டு வழியாத்தான் போனேன்."

"தெரியும். ஊத்து."

"நீங்க ஊத்துங்க."

ஆளுக்காள் விட்டுக்கொடுத்ததில் சத்தம் பீலிச் சண்டையைவிடப் பெரிதாகிவிட்டது. டயகம பஸ் போய்விட்டது. பிரேமினி கவலைப்படவில்லை. கடைசியில் காளியாயி அந்தத் தலைப்பிலிருந்தும் அம்மாக்கண்ணு இந்தத் தலைப்பிலிருந்தும் ஊற்றிக்கொண்டு வந்து ஐந்தாவது கன்றில் சந்தித்தார்கள். வறண்ட மண் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

பொன்னையாவுக்கும் மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. இஸ்தோப்பிலிருந்து இறங்கி, சாரத்தைச் சரிசெய்துகொண்டு, வேலியை நோக்கி வந்தார்.

"நானும் வேணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"கக்கூஸ் கீழ இருக்கு," என்றார்கள் இரண்டு பேரும்.

நாலு வருஷத்தில் அவர்கள் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. பொன்னையா கீழே இறங்கிப் போனார்.